பதினொரு மில்லிவோல்ட்

அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் நேற்று ராத்திரி பதினொன்றரைக்குச் சரியானது. இதோடு நான்காவது தடவை சரியாகியிருக்கிறது. முந்தைய மூன்றையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறார் அப்பா.

வலது சேனல் போனதற்குக் காரணம், ஸ்பீக்கர் ஒயரில் பிரிந்து நின்ற ஒரே ஒரு செப்பு இழை. பக்கத்து முனையைத் தொட்டுவிட்டது. ஒயரைச் சீவி மாட்டியது யார் என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம்.

கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர் ஜோடி, டூ என் 3055, எம்ஜே 2955 இரண்டும் அவுட். மீட்டர் முனைகளை டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு முனைகளில் வைத்ததுமே பீப் என்று விடாமல் கத்தியது. 35 வோல்ட்டை மறித்து நிற்க வேண்டிய ஆள் வெறும் கம்பியாகப் படுத்துக் கிடந்தார். ஃப்யூஸ் முந்திக்கொண்டதால் ஸ்பீக்கரின் வூஃபர் பிழைத்தது. புது ஜோடி வந்துசேரப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை அப்பா, பரணில் கிடந்த தன் பாக்கெட் ரேடியோவைத் துடைத்துக் காதோடு வைத்துக்கொண்டு திரிந்தார். நல்ல மனுஷன், குறை சொல்லவில்லையே என்று நான்கூட நெகிழ்ந்தேன்.

இந்த ரக டிரான்சிஸ்டரில் உலோக உறையேதான் கலெக்டர். அடியில் கரண்டைத் தடுக்கும் மைக்காத் தகடு வைக்காமல் முறுக்கினால், சூட்டை வாங்கும் உலோகமான ஹீட்சிங்க்கோடு ஷார்ட். மைக்காவின் இரு பக்கமும் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் தடவ வேண்டும். மெலிசாகத்தான் தடவினேன். அது ஜன்னல் திரைக்கும், பையனின் கணக்கு நோட்டுக்கும், வீட்டம்மாவின் செல்போனுக்கும் எப்படிப் போனது என்பது இயற்பியலுக்கு அப்பாற்பட்டது.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸில் ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டுக்கொள்வேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், டிரான்சிஸ்டர் தப்பிக்கும். டிரான்சிஸ்டரில் சும்மா ஓடும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகான பயாஸ் ப்ரீசெட்டைக் குறைந்த பக்கம் திருப்பி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. குறைந்த பக்கம் என்று நான் நினைத்தது கூடிய பக்கம். "பரவாயில்லையே, பத்து நாளா இருந்ததுக்கு வெளிச்சமாவது வந்துச்சு" என்றாள் வீட்டம்மா. மறுபக்கம் திருப்பியதும் பல்பு ஒருமுறை கண்ணடித்து அடங்கியது.

அப்புறம் பயாஸ். பாட்டு இல்லாதபோதும் இரண்டு டிரான்சிஸ்டரிலும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தர் விடுவதற்குள் மற்றவர் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடைவெளியில் ஒலி பிசிறும். எமிட்டரில் இருப்பது 0.22 ஓம் ரெசிஸ்டர். ஐம்பது மில்லி ஆம்பியருக்கு அதன் குறுக்கே பதினொரு மில்லிவோல்ட் வர வேண்டும். ப்ரீசெட்டோ மயிரிழை அசைந்தால் நாலிலிருந்து முப்பதுக்குத் தாவுகிற ஜாதி. சூடு ஏறினால் அளவு நகரும் என்று கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி திருப்ப வேண்டும். காற்றுப் பட்டால் ஹீட்சிங்க் குளிரும் என்று ஃபேனையும் நிறுத்தினேன். அதைப் பற்றி வீட்டில் பேசப்பட்டவற்றை இங்கே எழுத முடியாது.

பதினொன்று வைத்தேன். "கரகரங்குதுடா" என்றார் அப்பா. வால்யூமைத் தூக்கி வைத்தேன், பளிங்கு மாதிரி இருந்தது. இன்னொரு நாள், இன்னொரு பதினொன்று. கரகர. மூன்றாவது பதினொன்றுக்கும் அதே பதில்.

"எங்கப்பா கரகரங்குது?"

"நீ போட்டா இல்ல. நான் போட்டா இருக்கு."

காதை ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ரேடியோவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று சுவர்க் கடிகாரம் நின்றுபோக, புதுசாக வாங்கிய செல்லை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வோல்ட் செல், மூன்றே முக்கால் காட்டியது. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. பிறகுதான் மீட்டரின் முதுகைத் திறந்தேன். உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரி என்னுடையது இல்லை. மேலே பிளாஸ்திரி ஒட்டி, அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில் 'பழசு' என்று எழுதியிருந்தது.

"ரேடியோவுக்கு எடுத்தேன். நீ சும்மாதானே வச்சிருந்தே? காலியா விட வேண்டாம்னு என்னோடதைப் போட்டேன். எழுதியும்தானே வச்சேன்!"

பேட்டரி சோர்ந்தால் மீட்டர் அளவை ஏற்றிச் சொல்லும். திரையின் மூலையில் ஒரு குட்டி பேட்டரிப் படம் பல நாளாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அது அலங்காரம் என்று விட்டிருந்தேன். புது பேட்டரி போட்டு அளந்தால் என் பதினொன்று நாலரைதான். மூன்று ராத்திரியும் நான் நாலரையைத்தான் பக்தியோடு பதினொன்றாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தனை குறைவான பயாஸில் சத்தம் அதிகமாக வைத்தால் பிசிறு அமுங்கிவிடும். மெதுவாக வைத்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

இன்று காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. ஹாலில் அப்பா உட்கார்ந்திருந்தார், ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஸ்பீக்கர் அருகில் போய்க் குனிந்தேன். ஓடிக்கொண்டிருந்தது. வால்யூம் குமிழ் ஒன்று என்ற எண்ணைக்கூடத் தொடவில்லை.

"எல்லாரும் தூங்குறீங்கல்ல" என்றார்.