கொம்பும் காலும்

போன கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்த தங்கச்சி, தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். “டீச்சர், என்ட வகுப்புச் சராசரி 54. இது நல்லமா, காணாதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 54 என்ற எண்ணைப் பார்த்து, நாளைக் காலை எந்தப் பிள்ளையை எங்கே இருத்தி எதைச் சொல்லிக் கொடுப்பது என்று எவராலும் முடிவெடுக்க ஏலாது. அலுமாரிக்குள் கிடந்த பழைய கொப்பி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொரோனாவுக்குப் பிறகு நான் எழுதி வைத்தது. அதில் உள்ளதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வேறு வகுப்புகளிலும் இதே நிலையில் பிள்ளைகள் இருப்பார்கள்.

2020 மார்ச் 12ஆம் திகதி, நாளையிலிருந்து பாடசாலைகள் பூட்டு என்று அறிவித்தார்கள். அந்த வருடம் என்னிடம் முதலாம் தரத்துக்கு வந்தவர்கள் 23 பேர். இரண்டு மாதம்கூட முடியவில்லை. உயிரெழுத்துகள், ‘மரம்’, ‘பட்டம்’ என்று சில சொற்கள், பாட்டு, விளையாட்டு. அவ்வளவோடு வீட்டுக்குப் போனார்கள். பிறகு திறப்பதும் பூட்டுவதுமாக இருந்து, 2021 ஏப்ரல் கடைசியில் பூட்டியது ஒக்டோபர் 21ஆம் திகதிதான் திறந்தது. இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. எங்களுடையது அதில் ஒன்று.

மட்டக்களப்பில், ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் போகும் பாதை எனக்குப் பல வருடப் பழக்கம். அன்று காலை வகுப்பறைக் கதவைத் திறந்தபோது கரையான் மேசைக் காலில் புற்றெடுத்திருந்தது. கரும்பலகையில் ஏப்ரல் மாதத் திகதி என் கையெழுத்திலேயே அப்படியே இருந்தது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அழித்தேன்.

இடைப்பட்ட காலத்தில் இணையத்தில் படித்தார்கள்தானே என்று ஊருக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். அந்த 23 வீடுகளில் தொடுதிரை போன் இருந்தது ஒன்பதில். பகலில் அந்தப் போன் வீட்டில் தங்கியது நான்கில். மற்றவை தகப்பனோடு வயலுக்கும் மேசன் வேலைக்கும் போய் இரவில்தான் திரும்பும். நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சியைச் செய்து படம் அனுப்பியவர்கள் முதல் கிழமை ஆறு பேர், நாலாவது கிழமை இரண்டு பேர்.

திறந்த முதல் கிழமை, எல்லோருக்கும் மறுபடி ‘அ’விலிருந்து தொடங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். என்னோடு இருந்த ஆசிரியர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 2005இலிருந்து நடத்தும் அசர் கணக்கெடுப்பைப் பற்றி முன்பு ஒரு பயிற்சியில் கேட்டது நினைவில் இருந்தது. ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், முதலாம் வகுப்பு அளவில் நாலு வரி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பிள்ளையைத் தனியே இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஐந்து சொல்லில் நாலைச் சரியாக வாசித்தால் அந்தப் படி தாண்டியாயிற்று. புள்ளி போடுவதில்லை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டும் குறிப்பார்கள்.

அதே மாதிரி ஒரு தாளை நானே எழுதினேன். மாடு, வலை, இறால், சோளன் என்று எங்கள் பிள்ளைகள் அன்றாடம் காணும் பொருள்களாகப் போட்டேன். வேப்பமரத்தடியில் இரண்டு கதிரை. ஆளுக்கு ஐந்து நிமிடம். மூன்று நாளில் 23 பேரும் முடிந்தது. ஒரு எழுத்தும் தெரியாதவர் 5, எழுத்துப் படியில் 9, சொல்லில் 6, நாலு வரியில் 2, கதையில் 1.

இந்தக் கணக்கில் இரண்டு பிழை இருந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கதைப் படியில் நின்ற பொடியன் முன்பல் இரண்டும் விழுந்தவன். கடகடவென்று சொன்னான். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. அடுத்த நாள்தான் யோசித்துப் பார்த்தேன், வாசிக்கும்போது அவன் கண் தாளில் இல்லை. தனக்கு முன் வாசித்த பிள்ளைகளோடு நான் மெல்லச் சேர்ந்து சொன்னதை எல்லாம் பக்கத்து வகுப்பு யன்னலில் நின்று கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். வேறு கதை கொடுத்தேன். முதல் சொல்லிலேயே நின்றான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மூன்று வேறு தாள் வைத்திருந்தேன்.

மற்றது, ஒரு எழுத்தும் தெரியாது என்று நான் குறித்த ஒரு பெண் பிள்ளை. என் முன்னால் வாயே திறக்கவில்லை. தாய் குவைத்தில், பெத்தாவோடு, அதாவது பாட்டியோடு, இருக்கிறது. ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, திரிபோஷ சத்துமாப் பக்கற்றில் உள்ள எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு அவனுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. நான் பின்னால் நின்றது தெரியாது. பெத்தா சொன்னா, “இஞ்ச எல்லாத்தையும் வாசிக்கும் டீச்சர். ஆக்களக் கண்டாத்தான் வாய் வராது.” கொப்பியில் அந்தப் பிள்ளையின் குறியை அழித்துச் ‘சொல்’ என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் எடுத்த குறியை ஒரு பிள்ளையின் தலையெழுத்து மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றிலிருந்து எல்லாக் குறியையும் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

படி தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்பது பேர் எழுத்துப் படியிலேயே ஏன் நிற்கிறார்கள் என்பது தெரியவில்லை. அது சந்தியில் நிற்கும் பெயர்ப்பலகையில்தான் பிடிபட்டது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவன் பலகையைப் பார்த்து, “கெ... ர... க்...” என்று கூட்டிக்கொண்டிருந்தான். கொக்கட்டிச்சோலை. பிறந்த நாளிலிருந்து அவன் வாயில் உள்ள பெயர். எழுத்தில் அதை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஏன் என்று பாருங்கள். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னுக்கு நிற்கிறது, கால் பின்னுக்கு நிற்கிறது, நடுவில் ககரம். கண் முதலில் காண்பது கொம்பை. ஆனால் ஒலி ககரத்தில்தான் தொடங்குகிறது. ‘கெ’ தெரிந்த பிள்ளை ‘கெ’ என்று சொல்லிவிட்டு, மிஞ்சி நிற்கும் காலை ‘ர’ என்று வாசிக்கிறது. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான பிழை. அந்த ஒரு ஊர்ப் பெயரிலேயே கொ, சோ, லை என்று முன்னுக்குக் குறி வரும் எழுத்து மூன்று இருக்கின்றன.

அன்றிரவு கொப்பியில் கோடு போட்டேன். இடது பக்கம் 23 பெயர். மேலே ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைக் குறிகள். ஒரு கிழமையாக வாசிக்கக் கேட்டு, தடுக்கிய இடத்தில் எல்லாம் புள்ளி வைத்தேன். எழுத்துத் தெரிந்தவர்களில் ‘கா’ வரிசையில் தடுக்கியவர் 3 பேர்தான். ‘கொ’, ‘கோ’ வரிசையில் 14 பேர். அடுத்து ‘கு’, ‘கூ’ வரிசையில் 12. அதுவும் விளங்கக்கூடியது. கு, சு, டு, து, பு, மு, ரு என்று எழுதிப் பாருங்கள், ஒரே உகரம், எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். ஓதிக் கொடுத்து, கையைப் பிடித்து எழுத வைத்து, வருடக் கணக்கில் பழக்கித்தான் அது கைக்கு வரும். அந்த வருடங்கள்தான் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

‘அ’விலிருந்து தொடங்கியிருந்தால் இந்தப் பிள்ளைகள் தெரிந்ததையே இரண்டு மாதம் படித்திருப்பார்கள், களைத்தும் போயிருப்பார்கள். தமிழில் எழுத்து 247 என்று சொல்லித் தாய்மாரைப் பயமுறுத்துகிறோம். என் வகுப்புக்கு அந்த நேரம் தேவைப்பட்டது நாலு குறிதான். மூன்று கிழமை அதை மட்டும் படிப்பித்தேன். மூன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவேன். ஒருவர் கொம்பு அட்டை, நடுவில் நிற்பவர் ‘ப’ அல்லது ‘ம’, மற்றவர் கால். கை கோக்காமல் நின்றால் யாரும் சத்தம் போடக் கூடாது. மூவரும் கை கோத்ததும் முழு வகுப்பும் ‘பொ’ என்று கத்தும். கால் விட்டுவிட்டு ஓடினால் ‘பெ’. முன்பல் விழுந்தவன் எப்போதும் கால் அட்டைதான் கேட்பான், ஓடலாம் என்று.

அதிபரிடம் கேட்டு, 2, 3, 4ஆம் தரங்களைக் காலையில் ஒரு மணித்தியாலம் கலைத்து, படிப்படியாகப் பிரித்து இருத்தினோம். மூன்று ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு குழு. நாலாம் தரத்துப் பொடியன் இரண்டாம் தரத்துப் பிள்ளையோடு இருக்க வெட்கப்பட்டான். அதை நான் பெரிதாகத்தான் எடுத்தேன். பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டவில்லை, கொப்பி அலுமாரிக்குள்ளேயே இருந்தது. கணக்குக்கு வேறு குழு பிரித்தோம். வாசிப்பில் பின்னுக்கு நின்றவன் கணக்கில் முன்னுக்கு வந்தான், வெட்கம் கொஞ்சம் விட்டது.

கணக்கில் ஒரு விசயம் மட்டும் சொல்கிறேன். 43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னேன். நாலாம் தரத்தில் 11 பேரின் விடை 34. எல்லோருக்கும் பிழை, ஆனால் ஒரே பிழை. மூன்றிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து மூன்றைக் கழித்திருக்கிறார்கள். வெறும் பிழைக் குறி போட்டிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. விடையை அப்படியே கொப்பியில் எழுதியதால்தான் தெரிந்தது. ஈர்க்குக் கட்டு பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்க்க விட்டோம். பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் விளங்கியது.

2022 பெப்ரவரியில் வரவு இடாப்பு இன்னொன்றைக் காட்டியது. பெயர் வரிசையில் பார்த்தால் வராதவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தார்கள். குடியிருப்பு வாரியாக மாற்றி எழுதினேன். காட்டோரக் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் ஒரே நாள்களில் வரவில்லை. விசாரித்தால், யானை வந்த இரவுக்கு அடுத்த காலை. வெளிச்சம் ஏறி, ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் தாய்மார் விடுவார்கள். ஏழரைக்கு வைத்த வாசிப்பு நேரம் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. அதை ஒன்பது மணிக்கு மாற்றினோம். ஒரு ரூபா செலவில்லை.

அந்த வருடமே எரிபொருள் இல்லாமல் மறுபடி பூட்டு. யூலைக் கடைசியில் திறந்தும் கிழமைக்கு மூன்று நாள்தான். ஆனால் இந்த முறை என்னிடம் கொப்பி இருந்தது. எல்லோருக்கும் ஒரே பயிற்சித்தாள் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை, தடுக்கும் குறி மட்டும் எழுதிய சின்ன அட்டை. வீட்டில் வாசிக்கத் தெரியாத பெத்தாகூட, “இந்த அட்டைய நாளைக்கு ஒருக்கா சொல்லு மனே” என்று கேட்க முடியும்.

அந்த நேரம் ஒரு பணிமனையிலிருந்து படிவம் வந்தது. வகுப்புச் சராசரி, 35 புள்ளிக்கு மேல் எடுத்தவர் வீதம், மூன்று பிரதி. இரண்டு இரவு இருந்து நிரப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் மனவருத்தம். 2022இல் உலக வங்கி, யுனெஸ்கோ, யுனிசெப் முதலானவை சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் எளிய பந்தி ஒன்றை வாசித்து விளங்க முடியாத பத்து வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கு 57இலிருந்து 70 ஆகியிருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெரிய எண் தேவை, அதை வைத்துத்தான் அரசுகளிடம் பணம் கேட்க முடியும். ஆனால் அதே மாதிரி எண்ணை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவதோடு நிறுத்தினால், மரத்தடியில் இருக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும்? அந்தப் படிவத்தில் ‘எந்தக் குறியில் தடுக்குகிறது’ என்று ஒரு பத்தி இருந்திருந்தால் நான் மூன்று இரவுகூட விழித்திருப்பேன்.

2022 டிசம்பரில் எண்ணிப் பார்த்தபோது கதைப் படியில் 9, நாலு வரியில் 7, சொல்லில் 4, எழுத்தில் 2. மொத்தம் 22. இருபத்து மூன்றாவது பிள்ளையின் வரியில் குறி இல்லை. பெரும்போக அறுவடைக்குத் தாய் தகப்பனோடு வயல் வாடிக்குப் போனவன், பிறகு மாட்டுப் பட்டியோடு நின்றுவிட்டான். இடையில் வந்த நாள்களை விரல் விட்டு எண்ணலாம். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், இரண்டு முறையும் பூட்டு. மூன்றாவது முறை போயிருக்க வேண்டும்.

புதிய தங்கச்சி கொப்பியை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். நேற்றுத் தன் வகுப்பில் மூன்று பேரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். பின்னேரம் வந்து, “டீச்சர், ஒரு பொடியனுக்கு ‘சோறு’ காட்டினன். ‘சேரறு’ எண்டு வாசிக்கிறான்” என்றார். பெயரைக் கேட்டேன். கொப்பியில் குறி இல்லாமல் கிடக்கும் அந்த வரிக்காரனின் தம்பி. அண்ணன் பின்னேரங்களில் வீட்டில்தான் நிற்கிறானாம்.

சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். அட்டை இரண்டு பேருக்கும் வெட்டி வைத்திருக்கிறேன்.