ஈல்ஸின் நாற்பதாவது வருடம்: எங்கே கண் வைப்பது?

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் 1986 கிராண்ட் ஃபைனலில், அதாவது இறுதி ஆட்டத்தில், சிட்னியின் பரமட்டா ஈல்ஸ் கேன்டர்பரியை 4-2 என்று வென்றது. இரண்டு பக்கமும் ஒரு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) கூட இல்லை, அத்தனையும் பெனால்டி கோல். கோப்பை அதோடு சரி. 2001, 2009, 2022 என மூன்று முறை இறுதிவரை போய் மூன்றிலும் தோற்றோம். 2009இல் நம்மை வென்ற மெல்பேர்ன் ஸ்டோர்மின் பட்டம் சம்பள உச்சவரம்பை மீறியதற்காகப் பிறகு பறிக்கப்பட்டது. பறித்ததை நமக்குத் தரவில்லை. இப்போது ஆடும் அணிகளில், ஒருமுறையாவது கோப்பையைத் தொட்ட எந்த அணிக்கும் இவ்வளவு நீண்ட வறட்சி கிடையாது. 2026 நாற்பதாவது வருடம்.

டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு மேஸ் ஹில் முருகன் கோவிலுக்கு வழி தெரியும். அங்கிருந்து காரில் சில நிமிடத்தில் மைதானம். ஆனாலும் ஆட்டம் புரியவில்லை என்பார்கள். கபடி தெரிந்தவருக்கு இது புரியாமல் போக வழியில்லை. ஒரு செட்டுக்கு, அதாவது பந்து ஒருமுறை கைக்கு வந்தால், ஆறு பிடி. அதற்குள் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்தை ஒப்படைக்க வேண்டும். ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் உதை. ஈல்ஸின் தலையெழுத்து அந்த உதை எங்கிருந்து புறப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. நம் கோட்டிலிருந்து 10 மீட்டரில் செட் தொடங்குகிறது என்று வையுங்கள். ஐந்து ஓட்டத்துக்குத் தலா 9 மீட்டர் கிடைத்தால் நடுக்கோட்டைத் தாண்டி 5 மீட்டரில் நிற்போம். அங்கிருந்து நம் முக்கிய உதைப்பாளர் மிட்செல் மோசஸ் மூலைக்கு உதைக்கலாம், உயரத் தூக்கலாம். துரத்துபவர்கள் பந்தோடு சேர்ந்தே போய் இறங்குவார்கள். தலா 7 மீட்டர்தான் என்றால் நம் பக்கமே 45இல் முடங்குவோம். அங்கிருந்து நீளமாக உதைப்பது ஒன்றுதான் வழி. துரத்தும் வரிசை களைத்துப்போய் ஓட, எதிரணியின் கடைசி ஆளான ஃபுல்பேக் நிதானமாகப் பிடித்து 15, 20 மீட்டர் திரும்பி வருவார். ஒரு ஓட்டத்தில் இழக்கும் 2 மீட்டரைத் திரையில் யாரும் கவனிப்பதில்லை. பத்து செட் கழிந்தால் ஆட்டம் முழுக்க நம் பாதியில் நடக்கும்.

மோசஸ் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. நம் 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்து, பந்து தரையில் பட்டு எதிரணியின் 20க்குள் வெளியே உருண்டால் பந்து மறுபடி நமக்கே. அவரால் இது முடியும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் எதிரணியின் ஓர ஆட்டக்காரர்களான விங்கர்கள் முன்கூட்டியே பின்வாங்கி நிற்பார்கள். உதைக்காமல் கையால் ஆடினாலும் ஓரத்தில் ஓர் ஆள் குறைவு. பயம் காட்டியே இடம் பிடிப்பது இது.

பயம் நமக்கும் உண்டு, அவர் உடம்பைப் பற்றி. 2024இல் பாதம், பிறகு பைசெப்ஸ். 2025இல் சீசன் தொடங்குமுன்பே மறுபடி பாதம், நடுவில் கெண்டைக்கால். வயது 31. கடந்த சீசன் அவர் இல்லாமல் மெல்பேர்னிடம் 56-18 என்று உதைபட்டுத் தொடங்கி, கடைசிச் சுற்றில் நியூகாசிலை 66-10 என்று நொறுக்கி முடிந்தது. 10 வெற்றி, 14 தோல்வி, 11ஆவது இடம். அந்த 66ஐ நம்பிக் கனவு காணாதீர்கள். எதிரே நின்றது பட்டியலின் அடியில் கிடந்த அணி. இந்த வருடம் 24 ஆட்டத்தில் 13 வெற்றி வேண்டும் என்பது என் கணக்கு. ஆடாத மூன்று வாரங்களுக்கான 6 புள்ளிகளையும் சேர்த்தால் இறுதிச் சுற்றுகளுக்குப் போகும் முதல் எட்டுக்குள் நிம்மதியாக நுழையலாம்.

மோசஸுக்கு ஜோடியாக ஆடிய டிலன் பிரௌன் பத்து வருட ஒப்பந்தத்தில் நியூகாசிலுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு மெல்பேர்னிலிருந்து ஜோனா பெஸட், அதுவும் ஒரே வருடத்துக்கு. 2027இல் பிரிஸ்பேன் அவருக்காகக் காத்திருக்கிறது. தாக்குதலில் கவலையில்லை, இரண்டு பேர் உதைக்கலாம். கவலை தடுப்பில். பிரௌன் தன்னை நோக்கி ஓடிவரும் பேக்-ரோவரை, அதாவது முன்வரிசையின் பலசாலி ஓட்டக்காரரை, நேருக்கு நேர் நிறுத்தக்கூடியவர். புதிதாக ஒருவர் அங்கே நின்றால் எதிரணி முதல் பத்து நிமிடத்திலேயே அந்த வழியில் ஆளை அனுப்பிச் சோதிக்கும். தவறு நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான்: ஹாஃபுக்கு (மோசஸும் பிரௌனும் ஆடிய இடம்) உதவப் போய், அவருக்கும் விங்கருக்கும் நடுவே நிற்கும் சென்டர் உள்ளே வருவார், சென்டரை நம்பி விங்கரும் உள்ளே வருவார், பந்து இருவரையும் தாண்டி வெளியே போகும். ட்ரை விழுந்ததும் எல்லோரும் விங்கரைத் திட்டுவார்கள். இரண்டு ஆள் உள்ளே பாருங்கள், ஓட்டை அங்கேதான் விழுந்திருக்கும்.

விங்கர் ஸாக் லோமாக்ஸ் அணியை விட்டுப் போனதைப் பற்றிப் புலம்புகிறவர்கள், ட்ரைக்குப் பிறகு 2 புள்ளி தரும் கோல் உதையைச் சொல்கிறார்கள். ஆட்டத்துக்கு நான்கு ட்ரை, உதையின் வெற்றி விகிதம் பத்து சதவீதம் குறைகிறது என்று வைத்தாலும் இழப்பு ஒரு புள்ளிக்கும் குறைவு. உண்மையான இழப்பு, நம் கோட்டருகே உயரப் பந்தைப் பிடித்து முதல் ஓட்டத்தை ஓடும் உடம்பு. மேலே சொன்ன 9 மீட்டர், 7 மீட்டர் கணக்கு தொடங்குவதே அங்கேதான்.

விதிகளும் மாறுகின்றன. 2025 வரை, பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டர் கோட்டைத் தாண்டிய பிறகு எதிரணி செய்யும் ரக் தவறுக்குத்தான் (பிடிபட்டவர் எழுந்து பந்தை ஆடும் இடத்தில் நடக்கும் தவறு) புது ஆறு, அதாவது பிடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அதற்குள் என்றால் பெனால்டி. இனி 20 மீட்டரைத் தாண்டினாலே புது ஆறு. 20க்கும் 40க்கும் நடுவே பெனால்டி கிடைத்தால் மோசஸ் 35 மீட்டர் வெளியே உதைத்துத் தருவார். அந்த இலவசச் சவாரி போய்விட்டது, முழுக்க ஓடித்தான் வரவேண்டும். பெஞ்சில் ஆறு பேர் உட்காரலாம், அதில் நான்கு பேரைத்தான் இறக்கலாம். மாற்றங்கள் பழையபடி எட்டுதான். நம் முன்வரிசை ஆள் ஜூனியர் பாலோ முதல் தடவை எத்தனையாவது நிமிடத்தில் வெளியேறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 25ஐ ஒட்டி என்றால் நல்லது. இடைவேளைக்குள் ஐந்து மாற்றம் செலவாகியிருந்தால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கால் பின்னும்.

முதல் சுற்று மறுபடி மெல்பேர்னில். கிரெய்க் பெல்லமி 2003இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றதிலிருந்து அந்த அணி முதல் சுற்றில் தோற்றதே கிடையாது. நம் பயிற்சியாளர் ஜேசன் ரைல்ஸ் அங்கே அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், சரக்கு தெரிந்தவர்தான்; ஆனாலும் அன்றைய ஸ்கோரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். உதை எந்தக் கோட்டிலிருந்து புறப்படுகிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேல் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால் தோல்வியிலும் சமாதானம் உண்டு.

சொந்த மைதானத்துக்குப் போகிறவர்கள் பக்கவாட்டு இருக்கைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ட்ரை கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். பதின்மூன்று பேரின் வரிசையும், அதில் யார் உள்ளே சாய்கிறார் என்பதும் அங்கிருந்துதான் தெரியும்.