டிரைவ் செத்துவிட்டது என்று உடனே நம்பாதீர்கள்

மடிக்கணினி கிளம்பாமல் கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் கிடைக்கவில்லை' என்று காட்டினால், கடையில் சட்டென்று கிடைக்கும் பதில்: "டிரைவ் போய்விட்டது, புதிதாக விண்டோஸ் போட வேண்டும்." அக்கா மகளிடமும் அப்படித்தான் சொன்னார்கள். தரவைச் சேமித்து வைக்கும் அந்த டிரைவுக்குள்தான் அவளுடைய கல்லூரி புராஜெக்ட் முழுவதும் இருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

முதலில் பயாஸை, அதாவது விண்டோஸ் கிளம்பும் முன்பே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையை, பார்க்க வேண்டாமா? கணினியை இயக்கியதும் அழுத்த வேண்டியவை, நிறுவனத்தைப் பொறுத்து எஃப்2, எஃப்10 போன்ற விசைகள். அங்கே டிரைவின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்கு உயிர் இருக்கிறது என்று பொருள். அவளுடையதில் பெயர் தெளிவாக இருந்தது; தேதிதான் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்து, அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, பூட் முறை, அதாவது கணினி கிளம்பும் விதம், பழைய வகையான 'லெகசி' ஆகியிருந்தது. ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறையில் அமைந்த வட்டில் நிறுவிய விண்டோஸ், யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில்தான் கிளம்பும். மாற்றிச் சேமித்தோம், கணினி எழுந்துவிட்டது. பேட்டரியையும் மாற்றியாயிற்று.

பெயரே தெரியவில்லை என்றால் சார்ஜரை நீக்கி, பின்மூடியைத் திறந்து, மடிக்கணினியின் பெரிய பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். எம்.2 எஸ்எஸ்டி என்ற சிறு பட்டை வடிவ டிரைவின் ஒற்றைத் திருகைக் கழற்றியதும் அது சாய்வாக மேலெழும்பும். வெளியே இழுத்து, தங்க நிறப் பற்கள் மறையும்வரை மீண்டும் செருகித் திருகை முடுக்குங்கள். இணைப்பு தளர்ந்திருந்தால் இதுவே போதும்.

பழைய ஹார்டு டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் தட்டு கீறப்படக்கூடும். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.