பாதிப் படத்தில் நுழைந்தவன்

வரலாற்று சார் போய்விட்டார் என்ற செய்தி மெல்போர்னில் விடியற்காலை என் போனுக்கு வந்தது. 94 வயது. நாம் பள்ளி முடித்து 50 ஆண்டு ஆவதையொட்டி மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லியிருந்தார்கள். வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

புளூ டயமண்டை நமக்குள் விளக்க வேண்டியதில்லை. சென்னை மவுண்ட் ரோடில் 1964-ல் கட்டிய சபையர் வளாகத்தின் மூன்று தியேட்டர்களில் ஒன்று. ஒரே டிக்கெட், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எத்தனை காட்சி வேண்டுமானாலும் உட்காரலாம். பாதியில் போய் முடிவைப் பார்த்து, அப்புறம் முதலிலிருந்து பார்த்து, நாம் நுழைந்த காட்சி வந்ததும் எழுந்து வருவோம். மே மாத வெயிலில் அந்த ஏசிக்காகவே போனவர்களும் உண்டு.

பத்தாம் வகுப்பில் ஒரு புதன்கிழமை, மதிய மணி அடித்ததும் பின்கேட் வழியாக அங்கே போனேன். வகுப்பாசிரியரிடம் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். மறுநாள் வரலாற்றுப் பாடவேளையில் சார் என்னை எழுப்பினார்.

"பாட்டி எப்படிடா இருக்காங்க?"

"பரவாயில்ல சார்."

"உங்க அப்பாவைக் காலையில பார்த்தேன். நீ ஸ்பெஷல் கிளாஸ்ல நல்லா படிக்கிறதா சொன்னார். எனக்கு எந்தக் கதையைச் சொல்லப் போற?"

வகுப்பே சிரித்தது. அந்த மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். சட்டைப் பையில் முந்தைய நாள் டிக்கெட்டின் கிழிந்த பாதி இருந்தது. அதை விரலால் சுருட்டிச் சுருட்டி மாவாக்கிவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை என்னையும் இன்னும் இரண்டு பேரையும் 'அந்த நாள்' படத்தின் காலைக் காட்சிக்கு அழைத்துப் போனார். வீணை எஸ். பாலசந்தர் 1954-ல் ஏவிஎம்முக்காக எடுத்த படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம், சிவாஜி சுடப்பட்டுக் கிடப்பார். யார் சுட்டது என்று ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வார்கள். தெருவும் கடற்கரையும் அதிகம் வராது, பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கதை. ஆனாலும் சென்னையைப் பற்றிய படங்களில் அதற்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன். 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷ் வாய்பிளந்து பார்த்த 1967 மெட்ராஸ் எனக்கு உயிர். ஆனால் ஊரின் பயம் 'அந்த நாளி'ல்தான் இருக்கிறது.

அந்தப் பயம் சாருக்குத் தெரியும். படம் முடிந்து மவுண்ட் ரோடில் நடந்தபடியே சொன்னார். 1942 ஏப்ரலில் இலங்கையில் குண்டு விழுந்ததும் சென்னையே காலியானது. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்கள். அவருக்கு அப்போது 12 வயது. அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாராம். மூன்று முறை. சொல்லும்போது சார் தன் கையாலேயே காற்றில் ஒரு பூட்டை இழுத்துக் காட்டினார். புதன்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தபால் நிலைய வளாகத்தில் நிறுத்தி, "இதுதான்டா எலக்ட்ரிக் தியேட்டர், 1913" என்று ஒரு பழைய கட்டடத்தைக் காட்டினார். அன்றுவரை அது எனக்குத் தபால்தலை விற்கும் இடம், அவ்வளவுதான்.

வரலாற்றில் பட்டம் வாங்கினேன், அவரால்தான். அதற்கப்புறம் வேலை, விசா, பிள்ளைகள்.

2016-ல் போன் செய்தபோது, "சாந்தி தியேட்டரை மூடிட்டாங்கப்பா" என்றார். 1961-ல் அது திறந்த காலத்திலிருந்து பார்த்தவர். "தேவி இருக்கு, கேசினோ இருக்கு. நீ வந்தா ஒரு படம் போலாம்."

2019-ல் வந்தேன். இரண்டு வாரம். தேவி வாசலை ஆட்டோவில் நான்கு முறையாவது கடந்திருப்பேன். சாரைப் பார்க்கப் போகவில்லையா என்று மனைவி கேட்டபோது, அவர் ஊரில் இல்லை என்றேன். சாரிடம் போனில், டிக்கெட் தேதி மாறிவிட்டது, உடனே கிளம்ப வேண்டும் என்றேன். "சரிப்பா, நல்லபடியா போயிட்டு வா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

உண்மை இதுதான் சார். கம்பு ஊன்றி நடக்கிறீர்கள் என்று சொன்னார்கள். மவுண்ட் ரோடில் நாங்கள் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியிருந்த அந்த நடையை அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.