பத்து லட்சம் என்றால் எவ்வளவு? ஸ்பான்சர் ஒப்பந்தம் எழுதக் கற்பவர்களுக்கு

ஒரு வீராங்கனைக்கும் ஒரு பிராண்டுக்கும் வருடத்துக்குப் பத்து லட்சம் என்று பேச்சு முடிந்துவிட்டது. பிராண்டின் வக்கீல் அனுப்பும் வரைவில் "ரூ.10,00,000, அனைத்து வரிகளும் உட்பட" என்று இருக்கிறது. அந்தச் சொற்களை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

வீராங்கனை ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். வரி 18 சதவீதம். பத்து லட்சத்துக்குள் அதுவும் அடக்கம் என்றால் அவருடைய கட்டணம் 8,47,458 ரூபாய்தான். மீதி 1,52,542 அரசுக்குப் போக வேண்டியது. கட்டணத்தின் மேல் 10 சதவீத டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை), அதாவது 84,746 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் பிராண்ட் பணம் அனுப்பும். ஜிஎஸ்டியையும் கட்டிவிட்டுப் பார்த்தால் கையில் நிற்பது 7,62,712. அதே இடத்தில் "ரூ.10,00,000, ஜிஎஸ்டி தனி" என்று இருந்தால் 9,00,000 நிற்கும். வித்தியாசம் 1,37,288 ரூபாய். டிடிஎஸ் வருமான வரிக் கணக்கில் ஈடாகிவிடும். இந்த வித்தியாசத்துக்குக் காரணமான ஜிஎஸ்டி அப்படித் திரும்பி வராது.

இதை மாற்றச் சொல்லிப் பேசும்போது கெஞ்ச வேண்டியதில்லை. கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் நிறுவனமாக இருந்தால், "உங்கள் வரைவுப்படி உங்களுக்கு ஆகும் நிகரச் செலவு 8,47,458 தான், நாம் பேசியது பத்து லட்சம்" என்று சொன்னால் போதும். எண்ணைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். பதிவு இன்னும் ஆகாதவருக்கும் "பொருந்தும் ஜிஎஸ்டி தனி" என்றே எழுதுங்கள். ஒப்பந்தம் நடக்கும்போதே வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயமாகிவிடும்.

விளையாட்டு ஒப்பந்தம் எழுதப் பழகுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் ஒவ்வொரு ஷரத்துக்கும் போட்டுப் பழக வேண்டும். இந்தச் சொல் இப்படியே இருந்தால் யாருக்கு எவ்வளவு போகும், எத்தனை நாள் போகும், எந்த வாய்ப்பு அடைபடும்? மாதிரிப் படிவங்களை மனப்பாடம் செய்வதைவிட இது பயன் தரும்.

"பானங்கள்" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பான நிறுவனம் ஒன்று "வீராங்கனை வேறு எந்தப் பானத்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது" என்று எழுதினால் பால், தண்ணீர், டீ, காபி, சத்து மாவு எல்லாமே மூடப்பட்டுவிடும். அவர்கள் பயப்படுவது நாலைந்து போட்டியாளர்களுக்குத்தான். அந்தப் பெயர்களைப் பின்னிணைப்பில் கேட்டு வாங்கிவிட்டு, ஷரத்தில் "கார்பனேற்றப்பட்ட குளிர்பானம்" என்று குறுக்குங்கள். கூடவே ஒரு விலக்கு கட்டாயம் வேண்டும்: அணி, லீக், சம்மேளனம் ஆகியவற்றின் ஸ்பான்சர்களுக்காக அணியோடு சேர்ந்து தோன்றுவது மீறல் ஆகாது. இந்த விலக்கு இல்லாவிட்டால், அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினாலே அவர் சொந்த ஸ்பான்சருக்கு எதிராக ஒப்பந்தத்தை மீறியவராகிவிடுவார்.

கால்ஷீட் அடுத்தது. "வருடத்துக்கு 3 நாட்கள்" என்று மட்டும் எழுதினால் நாள் என்பது எத்தனை மணி நேரம் என்ற தகராறு படப்பிடிப்புத் தளத்தில்தான் வெடிக்கும். ஆகவே இவற்றையும் எழுதிவிடுங்கள்: ஒரு நாள் என்பது மேக்கப், உடை மாற்றம் உட்பட 8 மணி நேரம். பயண நாள் தனி. 30 நாள் முன்னறிவிப்பு. போட்டிக்கு முந்தைய 10 நாட்களிலும் போட்டி நாட்களிலும் படப்பிடிப்பு கிடையாது. பயன்படுத்தாத நாள் அடுத்த வருடத்துக்குச் சேராது. கடைசி வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும் ஷரத்துகளில்தான் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் அவசரத்தில் யாரும் படிக்காத பக்கங்கள் அவை. வீரர்களின் விளம்பர வாய்ப்புகளைக் கவனிக்கும் பெர்செப்ட் டி'மார்க் நிறுவனம் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் மீது தொடுத்த வழக்கை முழுதாகப் படியுங்கள். 2000 அக்டோபரில் மூன்று வருட ஒப்பந்தம். அது முடிந்த பிறகும், வேறு யாராவது வாய்ப்பு கொடுத்தால் அதன் விவரங்களை எழுத்தில் தெரிவித்து, அதே நிபந்தனைக்கு இந்த நிறுவனம் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்ட பிறகே ஜாகீர் அதை ஏற்கலாம் என்று ஒரு ஷரத்து. 2003இல் காலம் முடிந்ததும் வழக்கு வந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக் காலத்தைத் தாண்டி நீளும் இப்படிப்பட்ட கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் சொன்னது.

இதைப் படித்துவிட்டு "எப்படியும் செல்லாது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஷரத்தை விட்டுவைப்பவர்கள் உண்டு. அது பெரிய தவறு. அந்த வழக்கிலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முதலில் தடை உத்தரவு கொடுத்தார். அதை அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) ரத்து செய்தது. பிறகுதான் உச்ச நீதிமன்றம். செல்லாத ஷரத்தும் இரண்டு வருடத்தைத் தின்னும். ஒரு வீரரின் விளையாட்டு வாழ்க்கையில் இரண்டு வருடம் சின்ன விஷயமில்லை. ஆகவே அந்த ஷரத்தை அடித்துவிட்டு, பதிலுக்கு ஒன்றைக் கொடுங்கள்: ஒப்பந்தத்தின் கடைசி 60 நாட்களில் முதல் 30 நாள் இந்த பிராண்டுடன் மட்டும் புதுப்பித்தல் பேச்சு, முடியாவிட்டால் அவர் யாருடனும் பேசலாம், பிராண்டின் இந்த முன்னுரிமை ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். நியாயமான பிராண்டுக்குத் தேவையானது இதிலேயே இருக்கிறது.

படங்களுக்கும் இப்படியே. அச்சாகிவிட்ட பாக்கெட்டுகளை விற்றுத் தீர்க்க 90 நாள் கொடுக்கலாம், புதிதாக அச்சடிக்கக் கூடாது. பழைய ரீல்ஸ் பிராண்டின் பக்கத்தில் கிடக்கலாம், பணம் கட்டி மீண்டும் விளம்பரமாகத் தள்ளக் கூடாது.

தமிழ்நாட்டில் இதை எழுதும்போது சிறுவர்களை விட்டுவிட முடியாது. இங்கே 12 வயதிலேயே செஸ் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் வருகிறார்கள். 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது; 1903இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம் இது. அப்பா கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ராஜ் ராணி எதிர் பிரேம் ஆதிப் என்ற பம்பாய் வழக்கு அதற்குப் பதில். சிறுமியை நடிக்க வைப்பதற்காகத் தயாரிப்பாளர் அப்பாவுடன் ஒப்பந்தம் போட்டார். தயாரிப்பாளருக்குப் பிரதிபலனாக (பணத்துக்குப் பதிலாகக் கிடைப்பதாக) இருந்தது சிறுமி நடிப்பாள் என்ற வாக்கு மட்டுமே. அந்த வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதால் மகளாலும் வழக்குப் போட முடியவில்லை, அப்பாவாலும் போட முடியாது என்று தீர்ப்பானது.

ஆகவே பெற்றோரை வெறும் காப்பாளராக நிறுத்தாமல் ஒப்பந்தத் தரப்பாகவே கொண்டுவாருங்கள். அவர் சொந்தமாகச் செய்யும் கடமைகளை எழுதுங்கள்: பிள்ளையைப் படப்பிடிப்புக்கு அழைத்து வருவது, சட்டையில் லோகோ இருப்பதைப் பார்த்துக்கொள்வது, போட்டி அட்டவணையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவது. அவற்றுக்காகவே பணம் என்று எழுதுங்கள். முடிவுத் தேதி பிள்ளையின் 18ஆவது பிறந்தநாளைத் தாண்ட வேண்டாம். வயது வந்த பிறகு பழைய ஒப்பந்தத்துக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கினால் போதும் என்ற எண்ணமும் தவறு. செல்லாததற்கு உயிர் கொடுக்க முடியாது, புதிய பிரதிபலனோடு புதிய ஒப்பந்தம்தான் வேண்டும்.

ஊக்கமருந்து ஷரத்தில் பிராண்டின் வரைவு பெரும்பாலும் "குற்றச்சாட்டு எழுந்தால் ரத்து, பெற்ற தொகை முழுவதும் திருப்பித் தர வேண்டும்" என்று இருக்கும். மாதிரியில் தடைப்பொருள் தெரிவது ஒரு கட்டம், தற்காலிக இடைநீக்கம் ஒரு கட்டம், இறுதித் தீர்ப்பு ஒரு கட்டம். கலப்படமான சப்ளிமென்ட்டால் வந்தது என்று நிரூபிக்கப்பட்டால் தடை இல்லாமல் கண்டனத்தோடு மட்டும் முடியவும் உலக ஊக்கமருந்து விதிகளில் இடம் இருக்கிறது. எனவே இடைநீக்கத்தில் விளம்பரமும் பணமும் நிற்கட்டும். ரத்து இறுதித் தீர்ப்பில் வரட்டும். திருப்பிக் கொடுப்பது மீதிக் காலத்துக்கான பங்கு மட்டும். பிராண்டின் பயம் நியாயமானது, அதைத் தணிக்க விளம்பரத்தை உடனே நிறுத்தும் உரிமை போதும்.

பேச்சுக்குப் போகும் முன் இரண்டு பக்கத்தில் டேர்ம் ஷீட் (முக்கிய நிபந்தனைகளின் சுருக்கம்) ஒன்றைச் சம்மதிக்க வையுங்கள். பிறகு ஷரத்துகளை மூன்றாகப் பிரியுங்கள்: விடவே முடியாதவை, மாற்றிக்கொள்ளக் கூடியவை, விட்டுக்கொடுக்கவே வைத்திருப்பவை. முதல் வகையில் ஐந்துக்கு மேல் இருந்தால் எதிர்த் தரப்பு எதையும் நம்பாது. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொல்லும் மத்தியஸ்தர் பற்றிய ஷரத்தையும் பாருங்கள். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரே தனி மத்தியஸ்தரை நியமிப்பார் என்ற பழைய வரி இன்னும் பல படிவங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்புக்குப் பிறகு அது நிற்காது.

வரைவு திரும்பி வரும்போது அதில் வண்ணத்தில் காட்டியிருக்கும் திருத்தங்களை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் கடைசியாக அனுப்பிய கோப்பையும் வந்த கோப்பையும் வேர்டில் கம்பேர் போட்டுப் பாருங்கள். டிராக் சேஞ்சஸ் அணைந்திருந்த நேரத்தில் மாறிய எண்கள் அதில்தான் தெரியும். கையெழுத்தான அன்றே காலண்டரில் நான்கு தேதிகளை ஏற்றுங்கள்: ஒவ்வொரு தவணைக்கும் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டிய நாள், புதுப்பித்தல் பேச்சு தொடங்கும் நாள், ஒப்பந்தம் முடியும் நாள், அதற்குப் பின் 91ஆவது நாள். அந்தக் கடைசி நாளில் கடைக்குப் போய்ப் பாக்கெட்டின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.