செம்பு இருந்தால் நிறம் சொல்லிவிடும்

தண்ணீரில் செம்பு அயனி கலந்திருந்தாலும் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம்; அந்த அளவில் செம்பின் நீலம் கண்ணுக்குத் தட்டுப்படவே படாது. அம்மோனியா ஊற்றினால் கருநீலமாகுமே என்பீர்கள், இவ்வளவு குறைந்த செறிவில் அதுவும் கைகொடுக்காது.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாத செம்பை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளுக்கு உணரிகள் என்று பெயர். அவற்றில் எனக்குப் பிடித்தது ரோடமின் பி ஹைட்ரசைடு. 1997-இல் வேதியியலாளர் சார்னிக்கின் குழுவினர் காட்டிய வித்தை. அந்த மூலக்கூறில் ஒரு வளையம் மூடிக் கிடக்கும்வரை கரைசலுக்கு நிறமே இல்லை; செம்பு அயனி வந்து பற்றிக்கொண்டதும் வளையம் திறந்து, ஹைட்ரசைடு பகுதி நீரால் வெட்டுப்பட்டுப் போய், பழைய ரோடமின் பி சாயமே திரும்பக் கிடைத்து, கரைசல் பளிச்சென்று இளஞ்சிவப்பாகிவிடுகிறது. கூடவே ஒளிர்வும் வருகிறது, அதுதான் ஆச்சரியம். செம்பு அயனியில் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால், பொதுவாக அது பக்கத்திலிருக்கும் சாயத்தின் ஒளிர்வை அணைத்துத்தான் பழக்கம்.

ஒரு குறை, தீக்குச்சி மாதிரி ஒரு தடவைதான். நிறம் மாறினால் திரும்பாது.

அப்புறம், பாதரசமும் இரும்பும் சில உணரிகளை நன்றாகவே ஏமாற்றும். அதனால் புதிதாக ஓர் உணரியைப் பற்றிப் படித்தால், மற்ற அயனிகளைத் தனித்தனியாக மட்டுமில்லாமல் செம்போடு கலந்தும் சோதித்திருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.