வெள்ளைக் கப்பலில் ஒரு நாள்

பிப்ரவரி 1 இந்தியக் கடலோரக் காவல் படை உருவான நாள். அதையொட்டி, படையில் இருப்பவர்களின் குடும்பத்தாரைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவார்கள். அக்கா வீட்டுக்காரர் அந்தப் படையில் பிரதான் நாவிக் என்ற பதவியில் இருக்கிறார். இந்த முறை "நீயும் வாடா" என்றார். ராயபுரத்தில் பிறந்தவன் நான். சின்ன வயதிலிருந்து இந்தப் படையின் வெள்ளைக் கப்பல்களைக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். தூக்கமே வரவில்லை.

விடியற்காலை முதலில் காசிமேட்டுக்குத்தான் போனேன். அங்கே அப்பாவின் கூட்டாளி ஒருவர் விசைப்படகு ஓட்டுகிறார், நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். ஏலம் உச்சத்தில் இருந்தது, வஞ்சிரம் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "புயல்னா அந்த வெள்ளைக் கப்பல் கிட்ட வந்து மைக்குல தமிழ்லயே சொல்லும்பா, கரைக்குப் போங்கன்னு" என்றார். படகின் கேபினிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டினார். ஆபத்து என்றால் அதில் பட்டனை அழுத்த வேண்டும். தீயா, படகு மூழ்குகிறதா, ஆள் கடலில் விழுந்துவிட்டாரா, உடம்புக்கு முடியவில்லையா, ஒவ்வொன்றுக்கும் தனித் தகவல். செயற்கைக்கோள் வழியாக அது மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். உப்புக் காற்றில் ஓரமெல்லாம் வெளுத்திருந்த அந்தக் கருவியை அவர் வேட்டி நுனியால் துடைத்துத்தான் திரும்ப மாட்டினார்.

அப்புறம் துறைமுகம். கப்பல் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் அளவு புரிகிறது. நீளம் சுமார் 98 மீட்டர். வெள்ளை உடலில் சாய்வாகக் காவியும் நீலமும் பட்டை போட்டிருக்கும். விக்ரம் வகை ரோந்துக் கப்பல். இந்த வகையில் மொத்தம் ஏழு, 2018க்கும் 2021க்கும் இடையில் படையில் சேர்ந்தவை. ஏழையும் கட்டியது நம் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இருக்கும் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம். இதை மாமா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மீஞ்சூர் பக்கம் போகும்போதெல்லாம் தூரத்தில் அந்தக் கிரேன்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே சரிவில் வழுக்கவிட்டுக் கப்பலை இறக்குவதில்லையாம். ஒரு பெரிய மேடையில் நிறுத்தி, லிஃப்ட் மாதிரி மெல்ல மெல்லத் தண்ணீரில் இறக்குகிறார்கள்.

கப்பல் நகர்ந்ததும் மாமா படையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எழுபதுகளில் கடல்வழிக் கடத்தல் தலைக்கு மேல் போயிருந்தது. போலீஸ் அதிகாரி ருஸ்தம்ஜி தலைமையில் அரசு அமைத்த குழு தனிப் படை வேண்டும் என்றது. 1976இல் வந்த சட்டம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நம் பொருளாதார மண்டலம், அதாவது மீன், எண்ணெய் போன்ற வளங்களில் நமக்கே உரிமையுள்ள கடல் என்றது. 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடல்! அதைக் காக்க 1977இல் கையில் இருந்தது என்ன தெரியுமா? கடற்படை தந்த இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இன்று கப்பல்களும் படகுகளும் 150ஐத் தாண்டிவிட்டன.

எங்கள் கப்பலின் முன்பக்கம் 30 மில்லிமீட்டர் பீரங்கி, பின்னால் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். வேகம் 26 நாட், அதாவது மணிக்கு 48 கிலோமீட்டர். நடுவில் எண்ணெய் நிரப்பாமல் 5,000 கடல் மைல் போகலாம். எல்லோரும் பீரங்கி பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் தீயணைக்கும் பெரிய நீர்ப்பீச்சியின் பக்கமே நின்றுவிட்டேன். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் சரக்குக் கப்பல் பற்றி எரிந்தபோது இலங்கைக்கு உதவப் போனவற்றில் காட்டுப்பள்ளியில் பிறந்த 'வஜ்ரா'வும் ஒன்று. படையில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கப்பல் வடக்கே திரும்பியது. திருவொற்றியூர், எர்ணாவூர், அதற்கப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். எர்ணாவூர் கரையைப் பார்த்ததும் எனக்கு 2017 ஜனவரிதான் ஞாபகம் வந்தது. எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் தார் மாதிரி கரையெல்லாம் ஒட்டிக்கிடந்தது. பாரதியார் நகரில் பாறைகளுக்கு நடுவே நின்று நாங்கள் பக்கெட் பக்கெட்டாக அள்ளினோம். எனக்கு முன்னால் வரிசையில் நின்று பக்கெட்டை வாங்கித் தந்தவர் கடலோரக் காவல் படைக்காரர். முழங்கை வரை கறுப்பு. பேர்கூடக் கேட்கவில்லை. கடலில் எண்ணெய் கொட்டினால் அதைச் சமாளிக்கும் பொறுப்பு முதன்மையாக இந்தப் படைக்குத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது மாமாவிடம் அதைச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

சாயங்காலம் இறங்கியதும் நேராகக் காசிமேட்டுக்கே போனேன். சித்தப்பா வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். பீரங்கி, ஹெலிகாப்டர் தளம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "பக்கவாட்டுல ஒரு சின்ன போட் தொங்குமே, அத எவ்ளோ நேரத்துல கீழ இறக்குவாங்க?" மாமாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இருட்டும் வரைக்கும் பேசினார்கள்.